கருவாட்டுக்குச் சாம்பிராணி

சாம்பிராணி போட்டதற்காக லைசென்ஸைப் பறிகொடுத்தவன் இந்தப் பட்டணத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதைத் திருப்பிக் கொடுத்தவர் எந்த வாசனையும் தெரியாத மனிதர். திருப்பிக் கிடைத்ததை ஒழுங்காக வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தவரோ, முதலில் அதைப் பறித்தவரேதான். இந்த இரண்டு பேருக்கும் நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை நிறுத்துப் பார்க்க என் தராசு போதாது. அந்தத் தராசு என் பக்கமே கொஞ்சம் சாயும் என்பது வேறு விஷயம்.

ராயபுரம் கடலோரத்தில் அப்போது எனக்கு ஒரு கருவாட்டுக் களம் இருந்தது. களம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மீனை உப்பில் ஊறப்போட இரண்டு சிமெண்டுத் தொட்டி, காயப்போட ஓலைப்பாய்கள், காக்கையை ஏமாற்ற ஒரு பழைய வலை, காக்கையிடம் ஏமாற நான். சுதந்திரம் வந்து, உப்பு வரியும் போய், உப்பு விலை இறங்கியிருந்த நேரம். தூத்துக்குடியில் மாமனாரின் பலசரக்குக் கடையில் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த நான், "பட்டணத்தில் கருவாட்டு வியாபாரம் செய்யப் போகிறேன்" என்று மார்தட்டிவிட்டு மனைவியோடு ரயிலேறியிருந்தேன். வழியனுப்ப வந்த என் மச்சான் சிரித்தான். அவன் சிரிக்கும்போது மீசையில் ஒரு பக்கம் மட்டும்தான் அசையும். களம் போனால் நான் திரும்பிப் போய் நிற்க வேண்டியது அந்த ஒரு பக்க மீசைக்கு முன்னால். இதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

களத்தில் வேலை செய்த பெண்களுக்கும் அது போனால் கஷ்டம்தான். மீனைக் கிழித்து, கழுவி, உப்பிட்டு, வெயிலில் புரட்டிப் போட்டதெல்லாம் பக்கத்துக் குப்பத்துப் பெண்கள். அவர்களுக்குத் தலைவி, எண்ணூர் முகத்துவாரக்குப்பத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். என்னைவிட வயதில் சின்னவளாகத்தான் இருப்பாள். ஆனாலும் நான் உட்பட எல்லோரும் அவளை எக்கா என்றே கூப்பிட்டோம். அந்தக் குரலுக்கு முன்னால் வேறு எப்படியும் கூப்பிட வராது. அவள் என்னை நைனா என்பாள். மரியாதையாகத்தான் சொல்கிறாள் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

களத்துக்கு எதிரே சாலையைத் தாண்டி ஒரு மாடிவீடு. மேலே குடியிருந்தவர் பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. காலையில் மாடியில் உட்கார்ந்து காப்பி குடித்தபடி பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்துவார். பள்ளிக்குப் போகும்போது என் களத்தருகே வந்ததும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வார். அதைப் பார்த்து நானும் தோளிலிருந்த துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வேன். பெண்கள் சிரிப்பார்கள். நான் பெரிய விகடன் என்று எனக்கே ஒரு எண்ணம். அந்த எண்ணத்துக்குப் பதில், புகார் மனுவாகப் போனது. தினமும் காலையில் தாங்க முடியாத துர்நாற்றம், காப்பி கூடக் குடிக்க முடியவில்லை, கருவாட்டுக் களத்தை அப்புறப்படுத்த வேண்டும் என்று சுகாதார ஆபீஸுக்கு எழுதிவிட்டார்.

விசாரிக்க இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று தெரிந்ததும் எனக்கு ஒரு யோசனை உதித்தது. எனக்கு உதித்த யோசனைகளின் வரலாற்றில் இதற்குத்தான் முதலிடம்.

"ஏட்டி, வீட்டுல சாம்பிராணி எவ்வளவு இருக்கு?" என்றேன் மனைவியிடம்.

"வெள்ளிக்கிழமைக்கு வச்சிருக்கேன். எதுக்கு?"

"களத்துக்குப் போடணும்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கருவாட்டுக்கா? கூறுகெட்ட மனுசா, கருவாடு கருவாடு மாதிரி மணந்தாத்தான் யாரும் சந்தேகப்பட மாட்டாவ."

நான் கேட்கவில்லை. கடைத்தெருவுக்குப் போய் உயர்ந்த ரகச் சாம்பிராணியாக வாங்கி வந்தேன். களத்தின் மூலைக்கு மூலை தணல் வைத்து அள்ளி அள்ளிப் போட்டேன். பனிமூட்டத்தில் கப்பல் நிற்பது மாதிரி ஆகிவிட்டது களம். பாய்களில் காய்ந்துகொண்டிருந்த வாளைமீன் கூடக் கண் எரிந்து திரும்பிப் படுத்திருக்கும்.

"இன்னா நைனா, கருவாட்டுக்கு சாமி வந்துகீதா? இப்டி பொக போடற?" என்றாள் எக்கா, இருமிக்கொண்டே.

"சும்மா இரு எக்கா. ஆபீசர் வராரு."

"வரட்டுமே. அவரு மீனே பாத்தது இல்லியா? நீ பேஜாரு பண்ணிக்கினு எங்களயும் சாவடிக்கற!"

இன்ஸ்பெக்டர் உச்சி வெயிலில் சைக்கிளில் வந்தார். கஞ்சி போட்ட காக்கிச் சட்டை, ஒல்லியான இளைஞர். புகைக்குள் நுழைந்தார், நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இங்கே ஏதாவது பூஜையா?"

"தினமும் இப்படித்தான் சார்" என்று நான் அடித்துவிட்டேன்.

"தினமுமா?"

"தினமும் சார். காலை, மத்தியானம், சாயங்காலம்."

"அவ்வளவு நாற்றமா?" என்று கேட்டு, சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். மூட வேண்டிய நேரம் எப்போதோ கடந்து போயிருந்தது. அந்த மாதக் கடைசியில் உத்தரவு வந்தது. களத்தின் உரிமையாளரே நாள்தோறும் மூன்று வேளை சாம்பிராணி போட்டு மறைக்க முயலுமளவுக்கு அங்கே துர்நாற்றம் நிலவுவதால், லைசென்ஸ் ரத்து செய்யப்படுகிறது. களத்தை மூட வேண்டும்.

மனைவி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. உள்ளே போய் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த சேலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஊருக்குத் திரும்புவதற்கு எதை உடுத்திக்கொள்வது என்று பார்க்கிறாள் என்று புரிந்தது. அவள் திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

முன்பெல்லாம் ஒரு ஆபீஸின் முடிவு பிடிக்காவிட்டால் அதே ஆபீஸின் மேலதிகாரியிடம்தான் போக வேண்டும். மாமியாரைப் பற்றி மாமனாரிடம் புகார் சொல்வது மாதிரி அது. கேட்பார், தலையாட்டுவார், ராத்திரிச் சாப்பாடு யார் கையால் என்பதை மறக்க மாட்டார். அந்தச் சமயத்தில்தான் ஒரு புது ஏற்பாடு வந்திருந்தது. இப்படிப்பட்ட அப்பீல்களைக் கேட்க, அந்த ஆபீஸோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஓய்வுபெற்ற முன்சீப் ஒருவரை நியமித்திருந்தார்கள். அவரை ஆபீஸ் மிரட்ட முடியாது. அவருக்கு ஆபீஸில் ஆக வேண்டிய காரியமும் இல்லை. நான் மனு எழுதிப் போட்டேன். என் ஏழ்மை, என் நேர்மை, என் மனைவியின் பொறுமை, நான் போட்ட சாம்பிராணியின் உயர்ந்த தரம் எல்லாவற்றையும் விவரமாக எழுதினேன்.

விசாரணை ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில், சனிக்கிழமை. முன்சீப் ஐயா வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்தார். நாங்கள் பிள்ளைகளின் பெஞ்சில். அந்தக் காலத்திலேயே எனக்குத் தொந்தி உண்டு. மேஜையும் பெஞ்சும் ஒன்றாக இணைத்த சாமான் அது. எப்படியோ உள்ளே போய்விட்டேன், வெளியே வருவதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்று விட்டுவிட்டேன். பக்கத்தில் மனைவி. பின்னால் எக்கா. மறுபக்கம் தலைமையாசிரியை, அவருக்கு முன்னால் இன்ஸ்பெக்டர்.

முன்சீப் ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். வாலிபத்தில் எனக்கு விஷக்காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தது, மூக்கு பிழைக்கவில்லை. எனக்கு மல்லிகைப் பூவும் மண்ணெண்ணெயும் ஒன்றுதான். ஆகையால் இந்த விஷயத்தில் நானாக ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

என் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். "நாத்தக் கேசுக்கு மூக்கில்லாத சட்ஜி. நாளைக்கே டிக்கெட் எடுத்திருங்க" என்று என் காதில் சொன்னாள்.

ஐயா முதலில் இன்ஸ்பெக்டரைக் கேட்டார்.

"நீர் எத்தனை மணிக்குப் போனீர்?"

"பன்னிரண்டு மணி இருக்கும், ஐயா."

"அம்மாளின் புகார் எந்த நேரத்தைப் பற்றி?"

"காலையில் என்று எழுதியிருக்கிறார்கள்."

"காலையில் வருகிற நாற்றத்தை மத்தியானத்தில் ஏன் தேடினீர்?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதனால் இன்ஸ்பெக்டரும் உண்மையைச் சொன்னார். "ஆபீஸுக்குப் போய்க் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெளியே கிளம்ப முடியும், ஐயா. ஆபீஸ் திறப்பதே பத்து மணிக்கு. வேறு இடங்களையும் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வர மத்தியானம் ஆகிவிடும்."

"உங்கள் ஆபீஸில் எல்லோருமே இப்படித்தானா?"

"எல்லோரும் இப்படித்தான், ஐயா."

பின்னாலிருந்து எக்காவின் குரல் வந்தது. "நாத்தம் இன்னா சார், கையெய்த்துப் போட்டுட்டா வரும்?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்தது. ஐயா மட்டும் சிரிக்காமல், "நான் கேட்க இருந்த கேள்வியை அந்த அம்மாள் கேட்டுவிட்டாள்" என்றார்.

அடுத்து தலைமையாசிரியை. பள்ளிக்கூடத்தில் அவரை ஒருவர் கேள்வி கேட்பது அதுவே முதல் தடவையாக இருக்கும். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"களம் உங்கள் வீட்டுக்கு எந்தப் பக்கம்?"

"கிழக்கே. கடல் பக்கம். அந்த ஜன்னலை நான் மூடித்தான் வைத்திருப்பேன்."

"மூடிய பிறகும் நாற்றம் வருகிறதா?"

"வருகிறது. அதனால்தானே புகாரே எழுதினேன். மூடிய ஜன்னலையும் மீறி வருகிறதென்றால் எவ்வளவு கொடுமையான நாற்றமாக இருக்க வேண்டும்!"

"திறந்திருப்பது எது?"

"மேற்கு ஜன்னல்" என்றவர், கொஞ்சம் நிறுத்தினார். கணக்கில் ஒரு புள்ளி விட்டுப்போனதைக் கண்டவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

ஐயா என் பக்கம் திரும்பினார். "காலையில் காற்று எங்கிருந்து எங்கே போகும்?"

"கரைக்காத்து, ஐயா. மேற்கே இருந்து கடலுக்குப் போகும். கட்டுமரமெல்லாம் அதைப் பிடிச்சுத்தான் வெளியே போகும். கடல்காத்து திரும்புறது மத்தியானம்தான்."

"இதை ஏன் மனுவில் எழுதவில்லை?"

என்ன சொல்வது? தினமும் அந்தக் காற்றுக்குத் தகுந்த மாதிரிதான் பாயை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். என் தலைக்கு மேலே போகிற காற்றைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றாமல், சாம்பிராணியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். "எழுத இடம் இல்லை, ஐயா" என்றேன். மனைவி காலை மிதித்தாள்.

ஐயா மறுபடி அந்த அம்மாளிடம் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "தப்பாக நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டில் கருவாடு சமைப்பதுண்டா?"

தலைமையாசிரியை கைக்குட்டையை மடித்தார், பிரித்தார். "சனிக்கிழமை மட்டும்" என்றார்.

"காலையில் வருகிறதே, அது அந்த வாசனைதானா? எனக்குத் தெரியாது. அதனால் கேட்கிறேன்."

அந்த அம்மாள் நினைத்திருந்தால் ஆமாம் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். நான் துண்டை மூக்கில் வைத்துக் காட்டியதற்கு அதுவே சரியான கூலி. ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இல்லை. கருவாட்டு வாசனை வந்தால் பசிக்கும். இது வந்தால் பசி போய்விடுகிறது."

அவர் வீட்டுக்கு மேற்கே, தெருவுக்குப் பின்னால், பச்சைத் தோலை உப்புப் போட்டு அடுக்கி வைத்துக் கப்பலுக்கு அனுப்புகிற கிடங்கு ஒன்று இருந்தது. எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடலோரத்தில் ஒரு நாற்றம் என்றால் எல்லோருடைய விரலும் தானாகக் கருவாட்டுக்காரனைத்தான் காட்டும். என் விரலும் என்னையேதான் காட்டியது, அதுவும் சாம்பிராணித் தட்டோடு.

ஐயா உத்தரவை அங்கேயே எழுதிப் படித்தார். லைசென்ஸ் ரத்து செல்லாது என்ற வார்த்தை காதில் விழுந்ததும் சந்தோஷத்தில் துள்ளி எழுந்தேன். பெஞ்சும் என்னோடு எழுந்தது. அதன் மறுகோடியில் இருந்த என் மனைவி தரைக்குப் போகாமல் தப்பியது எக்கா பிடித்ததால்தான்.

"உட்காரும். முழுவதையும் கேட்டுவிட்டுப் போம்" என்றார் ஐயா.

முழுவதும் என்ன என்று எனக்கு அன்றைக்குக் காதில் ஏறவில்லை. ஏறியிருந்தால் அவ்வளவு துள்ளியிருக்க மாட்டேன். களத்தில் நாற்றமே இல்லை என்று அவர் எழுதவில்லை. ஆபீஸ் சரியான நேரத்தில், சரியான இடத்தில் நின்று பார்க்கவில்லை, ஆகவே மறுபடியும் முறையாகப் பார்க்க வேண்டும் என்றுதான் எழுதியிருந்தார். இந்த ஒரு களத்தில் மட்டுமல்ல, புகார் எந்த நேரத்தைச் சொல்கிறதோ அந்த நேரத்தில், புகார் கொடுத்தவர் வீட்டிலிருந்தே எப்போதும் பார்க்கும்படி ஆபீஸ் ஏற்பாடு செய்துகொள்ளலாமே என்றும் கடைசியில் ஒரு வரி.

மறுநாள் நல்ல வஞ்சிரமாகப் பார்த்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு ஐயாவின் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் நின்று, "இதில் என்ன?" என்று கேட்டார். பதிலை உள்ளேயிருந்து அவர் வீட்டு அம்மாளே சொன்னார்: "யாரது? வாசலில் என்னவோ செத்துக் கிடக்கிறதே!"

"எனக்குத் தெரியவில்லை, அவளுக்குத் தெரிகிறது" என்றார் ஐயா. "எடுத்துக்கொண்டு போம், அதுதான் இரண்டு பேருக்கும் நல்லது. யாருக்காவது கொடுக்க வேண்டுமென்றால் அந்தத் தலைமையாசிரியைக்குக் கொடும். உம்முடைய களம் பிழைத்தது என்னால் இல்லை. வேண்டாத ஆள் விஷயத்திலும் அந்த அம்மாளுக்குப் பொய் சொல்ல வரவில்லை, அதனால்."

அப்படியே மாடிவீட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் தோளிலிருந்த துண்டைப் பார்த்தார். நான் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் வாங்கிக்கொண்டார். "வஞ்சிரம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. நெத்திலி வந்தால் சொல்லி அனுப்புங்கள்" என்றார்.

கதை இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். தோற்ற ஆபீஸ் அடுத்த வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்கும்போது கழுத்தைப் பிடிக்கும், அதுவரைக்கும் கவலை இல்லை என்பது என் கணக்கு. உலகத்து வழக்கம் அதுதானே?

சில வாரம் கழித்து ஒரு விடியற்காலை. கட்டுமரங்கள் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். மனைவி ஓடி வந்தாள். "ஏங்க, அவரு வந்திருக்காரு. அந்த இன்ஸ்பெக்டரு."

"இந்நேரத்திலயா?"

என் கை தானாகச் சாம்பிராணித் தட்டைத் தேடிப் போனது. தட்டு இருந்த இடத்தில் இல்லை. "அதை அன்னைக்கே ஒளிச்சு வச்சுட்டேன். கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க" என்றாள்.

இன்ஸ்பெக்டர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்தார். சட்டையில் கஞ்சி இல்லை. தூக்கத்திலிருந்து நேராக வந்தவர் மாதிரி இருந்தார்.

"சார், இன்னும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டீங்களே" என்றேன். என் வாய் இருக்கிறதே.

அவர் கோபிக்கவில்லை. "இனிமேல் வேலை முடித்துவிட்டுப் போய்ப் போட்டால் போதும் என்று உத்தரவு ஆகியிருக்கிறது" என்றார். பிறகு மணலில் கிடந்த கட்டை மேல் உட்கார்ந்து அவராகவே சொன்னார்: "உங்கள் கேஸ் உத்தரவை எங்கள் பெரிய அதிகாரி எல்லா இன்ஸ்பெக்டர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் படித்துக் காட்டினார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மூக்கே இல்லாதவர் என் மூக்கைத் தப்பென்கிறாரே என்று. திட்டப் போகிறார் என்று பார்த்தேன். அவர் திட்டவில்லை. 'நாம் மத்தியானத்தில் போய்ப் பார்த்தவை இன்னும் எத்தனை இருக்கும்?' என்று மட்டும் கேட்டார். பழைய புகார்களையெல்லாம் எடுத்தோம். விடியற்காலைப் புகார் நிறைய இருந்தது. நாங்கள் ஒருவர்கூட விடியற்காலையில் எங்கேயும் போனதில்லை."

எனக்கு ஒரு கேலி நாக்கின் நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். தன்னைத் தோற்கடித்தவன் வாசலில் வந்து உட்கார்ந்து இதைச் சொல்ல எவ்வளவு மனசு வேண்டும்? எனக்கு இருக்காது. என் மச்சானிடம் போய் நான் இப்படி ஒரு வாக்கியம் சொன்னதில்லை.

அவர் மாடிவீட்டுக்குப் போனார். மேற்கு ஜன்னலில் நின்று, அந்த அம்மாள் கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, முழுசாக மூச்சை இழுத்தார். காப்பியைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். தோல் கிடங்கைக் கூட மூடச் சொல்லவில்லை. ஈரத்தோலைத் திறந்த முற்றத்தில் போடாமல் கொட்டகைக்குள் வைக்கச் சொல்லி, அதற்கு அவகாசமும் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் அந்த அம்மாளின் காப்பிக்கு விமோசனம் கிடைத்தது.

இதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அதே இன்ஸ்பெக்டர் ஒரு நாள் சாயங்காலம் வந்தார்.

"இது என்ன சார், காலைப் புகாருக்குச் சாயங்காலம் வந்திருக்கீங்க?"

"இரண்டு காற்றிலும் பார்க்க வேண்டும் என்பது இப்போது எங்கள் வழக்கம்" என்றவர், கடல்காற்றுக்கு முதுகைக் காட்டாமல், சாலைப் பக்கம் போய் முகத்தைக் காட்டி நின்றார். நின்றவர் மூக்கைச் சுளித்தார். நேராக நடந்து வந்து, தொட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீரும் மீன் குடலும் விழுகிற குழியின் பக்கத்தில் நின்றார். "இதுதான்" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "சார், முன்சீப் ஐயாவே என்னை விட்டுட்டாரு. நீங்க மறுபடி மறுபடி வந்தா எப்படி?"

"உங்கள் களத்தில் நாற்றம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று சொன்னார். இப்போது சரியாகப் பார்க்கிறேன்."

நான் ஆதரவுக்கு எக்காவைப் பார்த்தேன். என் உப்பைத் தொட்டு வேலை செய்கிறவள் அல்லவா?

"அவரு சொல்றது மெய்தான் நைனா" என்றாள் அவள். "அந்தக் குயி இருக்கறதாலதான் நாங்க இங்க குந்தி சோறு துன்றதே இல்ல. அம்மாந்தூரம் தள்ளிப் போயி துன்னுட்டு வரோம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா இன்னா ஆவும்? அதுக்கும் பொக போடுவ!"

பெண்கள் சிரித்த சிரிப்பில் காக்கைகள் எழுந்து பறந்தன. தலைமையாசிரியை ஏன் இந்தக் குழியைப் பற்றிப் புகார் செய்யவில்லை என்பதும் விளங்கிவிட்டது. கடல்காற்று அடிக்கும் நேரமெல்லாம் அவர் பள்ளிக்கூடத்தில் இருப்பார்; சாயங்காலம் அங்கேயே பிள்ளைகளுக்குத் தனிப்பாடம்; வீடு திரும்புவதற்குள் காற்று திரும்பிவிடும். ஆக, மூக்கில்லாதவர் முன்சீப் ஐயா ஒருவர்தான் என்று நான் நினைத்தது தப்பு. அவருக்காவது தன் மூக்கு போனது தெரியும்.

லைசென்ஸ் மறுபடியும் போய்விட்டது என்றே முடிவு செய்தேன். மனைவியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. ட்ரங்குப் பெட்டிதான் கண் முன்னால் நின்றது. இன்ஸ்பெக்டரோ, பென்சிலை எடுக்காமல் கேட்டார்: "இதைக் கல் போட்டு மூடி, தண்ணீர் போக மூடின வாய்க்கால் வெட்ட வேண்டும். உங்களால் எவ்வளவு நாளில் முடியும்?"

எவ்வளவு நாளில் முடியும் என்று ஒரு அதிகாரி என்னைக் கேட்டது என் ஆயுசில் அதுவே முதல் தடவை. வழக்கம்போல ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிச் சமாளித்திருப்பேன், வரவில்லை. என் மனைவிதான் பதில் சொன்னாள். "மழைக்கு முன்னால முடிச்சிருவோம், சார்."

முடித்தோம். குடலைக் குழியில் போடாமல் தென்னந்தோப்புக்காரருக்கு உரமாகக் கொடுத்தோம். குழியை மூடியதும் ஈ குறைந்தது. ஈ குறைந்ததும் நெத்திலி வெள்ளி மாதிரி காய்ந்து வந்தது. என் கெட்டிக்காரத்தனம் என்று வாங்க வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டேன். பெண்கள் அந்த மூடுகல்லின் மேலேயே உட்கார்ந்து மத்தியானச் சோறு சாப்பிட்டார்கள். அதைப் பார்க்கும் போதெல்லாம் அந்த ஒல்லி இன்ஸ்பெக்டரை நினைத்துக்கொள்வேன். சாப்பிட இடமில்லை என்று அவர்கள் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் இரண்டாவது காற்றுக்கும் வந்ததால் தெரிந்தது.

சில வருஷம் கழித்து அவருக்கு மாற்றல் ஆனது. எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. ஒரு நல்ல மனிதர் போனால் அவரோடு நல்ல வழக்கமும் சைக்கிளில் ஏறிப் போய்விடும் என்று பார்த்திருக்கிறேனே. புதிதாக வருபவர் எப்படியோ, மறுபடி உச்சி வெயிலில் வந்து பென்சிலை எடுப்பாரோ என்று தூக்கம் வராமல் புரண்டேன்.

யார் வீட்டுச் சாக்கடையிலிருந்தோ வாடை வருகிறது என்று அந்த மாடிவீட்டுக் கீழ்ப்பகுதிக்காரர் அப்போது ஒரு புகார் கொடுத்திருந்தார். ஒரு நாள் விடிகிற நேரம், முன்பின் பார்த்திராத ஆள் ஒருவர் காக்கிச் சட்டையில் சைக்கிளை விட்டு இறங்கினார். என் களத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே எதிர்வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி, "எந்த நேரத்தில் வாடை வருகிறது? எந்தப் பக்கமிருந்து?" என்று கேட்டது சாலையைத் தாண்டி எங்களுக்குக் கேட்டது.

பழையவர் அவருக்குச் சொல்லிக் கொடுத்தாரோ, ஆபீஸில் எல்லோருக்கும் அதுவே பழக்கமாகிவிட்டதோ, தெரியாது. மாடியில் கிழக்கு ஜன்னல் திறந்திருந்தது. தலைமையாசிரியை காப்பி டம்ளரோடு வந்து நின்று, "அண்ணாச்சி, நெத்திலி வந்ததா?" என்றார்.

"இன்னா நைனா, புது ஆளு நம்ம பக்கமே வர்ல?" என்றாள் எக்கா.

"வருவாரு. சாயங்காலம் காத்து திரும்பினதும் வருவாரு" என்றேன். "நீ போய் அந்தக் குழிக்கல்லு சரியா மூடியிருக்கான்னு பாரு."